500 முட்டைக் கோழிக்குத் தீன் கலக்கும் பரல்: செய்த விதம், பிழைத்த இடம், கணக்கு

முட்டைக் கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பங்கு தீனுக்கே போகிறது. 100 ரூபாய் செலவானால் 65, 70 ரூபாய் தீன்தான். 2021இல் இலங்கையில் உர இறக்குமதித் தடை வந்து சோளன் (மக்காச்சோளம்) விளைச்சல் விழுந்தது. அடுத்து டொலர் இல்லாமல் சோயாவும் வராமல் போனது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையையே கப்பலில் இறக்கும் நிலை வந்தது. தாமே கலந்து பார்ப்போம் என்று பலர் இறங்கியது அந்த நாட்களில்தான். அதில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் கடை மூடைக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களுடைய கலவை வாய்பாட்டில் பெரும்பாலும் பிழை இருக்கவில்லை. தண்ணீரையும் உமியையும் மணலையும் தீன் விலைக்கு வாங்கியதுதான் பிழை.

இந்தப் பதிவு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் 500 பழுப்புநிற முட்டைக் கோழிகளுக்காக, இரும்புப் பரலை (பீப்பாயை) மோட்டரால் சுற்றித் தீன் கலக்கச் செய்த அமைப்பைப் பற்றியது. கோழிக்கு நாளைக்கு 112 கிராம் என்று வைத்தால் 500 கோழிக்கு 56 கிலோ. ஒரு தடவை 500 கிலோ கலந்தால் ஒன்பது நாளுக்குக் கிட்டக் காணும். அதற்கு மேல் கலந்து வைப்பதில்லை, காரணம் தவிடு. அது கீழே வரும்.

கலவை

50 கிலோ கொண்ட ஒரு ஓட்டத்துக்கு (பரலை ஒரு தடவை ஓட்டிக் கலப்பதற்கு):

சோளன் 25 கிலோ
அரிசித் தவிடு 7 கிலோ
சோயாப் புண்ணாக்கு 9 கிலோ
தேங்காய்ப் புண்ணாக்கு 2 கிலோ
உப்பில்லாத மீன்தூள் 1.5 கிலோ
சிப்பி 4.65 கிலோ
டிசிபி (டைகல்சியம் பொஸ்பேற்று) 500 கிராம்
உப்பு 125 கிராம்
விற்றமின் கனிமக் கலவை 125 கிராம்
மெதியோனின் 50 கிராம்
பூஞ்சை நச்சுப் பிடிப்பான் 50 கிராம்

இது புரதம் 16.5%, கல்சியம் 3.9%, சக்தி கிலோவுக்கு 2600 கிலோகலோரி அளவில் வரும். சக்தி கொஞ்சம் தாழ்வுதான். கோழி இரண்டு மூன்று கிராம் கூடத் தின்று ஈடுசெய்துவிடும். விற்றமின் கலவையின் அளவு கம்பனிக்குக் கம்பனி மாறும், பையில் போட்டிருக்கும் அளவையே எடுக்க வேண்டும். இந்தக் கலவையை 16 வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடவே கூடாது. இவ்வளவு கல்சியத்தை அந்த வயதுச் சிறுநீரகம் தாங்காது.

தேங்காய்ப் புண்ணாக்கு மலிவு என்று சோயாவைக் குறைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். கணக்குப் பார்க்கலாம். 9 கிலோ சோயாவில் 4 கிலோ புரதம் உண்டு. அதே புரதத்துக்குத் தேங்காய்ப் புண்ணாக்கு 19 கிலோ வேண்டும். புரதம் சரிவந்தாலும் லைசின் என்ற அமினோ அமிலம் பாதிக்கும் கீழே போய்விடும். நார் ஏறும், மற்றவற்றுக்கு இடமும் இருக்காது. முட்டை முதலில் சிறுக்கும், பிறகு குறையும். தேங்காய்ப் புண்ணாக்கின் இடம் மாட்டுப் பட்டிதான். பால் மாட்டுக்கு அதைவிட நல்ல தீன் இந்தப் பக்கத்தில் கிடைப்பது அரிது.

வாங்கும் இடத்தில்

சோளன் பெரும்பாலும் மகா ஓயா, பதியத்தலாவைப் பக்கத்திலிருந்து வரும். பெரும்போக அறுவடைக்குப் பிறகு விலை இறங்கும், ஆனால் அப்போது வருவது ஈரச் சோளன். 18% ஈரமுள்ள 1000 கிலோவை 13%க்குக் காயவைத்தால் மிஞ்சுவது 942 கிலோ. கிலோ 120 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அது உண்மையில் 127 ரூபாய்க்கு மேல் விழுகிறது, காயவைத்த கூலி வேறு. காயவைக்காமல் அடுக்கினால் பூஞ்சை. பூஞ்சை நச்சு கோழியின் ஈரலைத் தின்னும். அதற்குப் பிறகு எந்தப் பிடிப்பானைப் போட்டாலும் முழுதாக மீட்க முடியாது.

ஈரமானி இல்லாதவர் உப்புப் போத்தலால் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு சோளன் போடவும். அடுப்பில் வறுத்து ஆறவைத்த தூளுப்பு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, மூன்று நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் வைக்கவும். சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15%க்கு மேல். உப்பு மணலைப் போல உதிர்ந்து அடியில் கிடந்தால் வாங்கலாம். மூடையின் வாயில் எடுத்துப் பார்த்துப் பயனில்லை. அடியிலும் நடுவிலும் குத்தூசி விட்டு எடுத்ததையே போட வேண்டும். விற்பவர் காய்ந்ததை மேலே வைப்பது புதுமை இல்லை.

தவிட்டுக்கு இங்கே குறைவில்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, ஏறாவூர் என்று எங்கு போனாலும் அரிசி ஆலை. ஆனால் தவிடு என்ற பெயரில் இரண்டு சாமான் வரும். றப்பர் உருளை ஆலையில் உமி முதலில் பிரிந்துபோக, பிறகு தீட்டும்போது வரும் தவிடு ஒன்று. பழைய இரும்பு உருளையில் ஒரே அடியில் குற்றும்போது உமித்துண்டோடு வரும் தவிடு மற்றது. இரண்டாவது மலிவு. அதில் 30% உமி என்று வைத்துக்கொண்டால், 100 ரூபாய்த் தவிட்டின் உண்மை விலை 143 ரூபாய். உமி வயிற்றை நிரப்புமே தவிர, கோழிக்கு அதில் ஒன்றுமில்லை.

சோதனைக்கு மா அரிதட்டும் சமையல் தராசும் போதும். 100 கிராம் தவிட்டை அரித்து மேலே நிற்பதை நிறுக்கவும். 10 கிராமுக்குள் நின்றால் எடுக்கலாம், 30 கிராம் நின்றால் மாட்டுக்குக்கூட யோசிக்க வேண்டும். உமியை அரைத்துக் கலந்திருந்தால் அரிதட்டில் இறங்கிவிடும். அதற்குக் கைதான் தராசு. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பொத்தித் திறக்கவும். நல்ல தவிடு எண்ணெய்ப் பசையால் விரல் அச்சோடு கட்டியாக நிற்கும். உமித்தூள் கூடினால் பொலபொலவென்று உதிரும், விரலிடுக்கில் அரத்தைப் போல உரசும். கடைசியாக இரண்டு கரண்டித் தவிட்டில் வினாகிரி ஊற்றவும். நுரைத்தால் நிறை கூட்டச் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்திருக்கிறார்கள்.

பச்சையரிசித் தவிட்டில் உள்ள நொதி எண்ணெயை உடனே உடைக்கத் தொடங்கும். இந்த வெக்கையில் ஒரு கிழமையில் மணம் மாறும், நாக்கில் வைத்தால் கசக்கும். புழுங்கலரிசித் தவிடு அவித்த சூட்டில் அந்த நொதி செத்துப்போவதால் கூட நாள் நிற்கும், எண்ணெயும் சற்றுக் கூட. கிடைத்தால் புழுங்கலையே எடுக்க வேண்டும். அறுவடை நேரத்தில் மலிவென்று ஒரு லொறி தவிடு இறக்கிவைப்பது நஷ்டம். பதினைந்து நாளுக்கு மேற்பட்டதை அளவில் சேர்ப்பதில்லை.

மீன்தூளில் ஏமாற்று இரண்டு வகை. ஒன்று உப்பு. கருவாட்டுக் கழிவை அரைத்துத் தந்தால் கோழி தண்ணீராய்க் குடித்து எச்சம் தண்ணீராய்ப் போகும், படுக்கை நனையும், முட்டை ஊத்தையாகும். உப்பில்லாமல் வெயிலில் காய்ந்த தலையும் எலும்பும் வாங்கி அரைப்பதே நல்லது. உப்புள்ளதைத் தவிர்க்க முடியாவிட்டால் 125 கிராம் உப்பை முழுதாக நிறுத்திவிட வேண்டும். மற்றது யூரியா. ஆய்வுகூடத்தில் புரதத்தை நைதரசன் கொண்டே கணிப்பதால், யூரியா சேர்த்தால் எண் உயரும், கோழிக்கோ ஒரு பயனும் இல்லை. இதற்கும் வீட்டுச் சோதனை உண்டு. பச்சைச் சோயா அவரையை இடித்து, அதில் ஒரு கரண்டியும் மீன்தூள் இரண்டு கரண்டியும் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, மூடிய போத்தலில் 20 நிமிடம் வைக்கவும். திறந்ததும் மூக்கைக் குத்தும் அமோனியா அடித்தால் யூரியா இருக்கிறது. பச்சைச் சோயாவில் உள்ள நொதிதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. மீன் கெட்டிருந்தாலும் கொஞ்சம் அடிக்கும். அதனால் சோயா சேர்க்காத ஒரு போத்தலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

வாவியோரச் சிப்பி மலிவு, ஆனால் மணல் ஏறும். 5 கிராம் சிப்பித்தூளை 250 மில்லிலீற்றர் வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டால் சிப்பி கரைந்து மணல் அடியில் கிடக்கும். அதைக் காயவைத்து நிறுத்தால் எவ்வளவு மணலுக்குக் காசு கொடுத்தோம் என்று தெரியும். வாங்கியதைக் கழுவிக் காயவைத்து, பாதியைத் தூளாகவும் பாதியை 2 முதல் 4 மில்லிமீற்றர் துண்டாகவும் உடைக்கவும். துண்டு இரைப்பையில் தங்கி இரவில் மெல்லக் கரையும். ஓடு கட்டுவது இரவில்தான்.

அரைத்தல்

மா, மிளகாய் அரைக்கும் மில்லில் சோளனைக் கொடுத்தால் மாவாகிவிடும். கோழிக்கு மா அலகில் ஒட்டும், தட்டின் அடியில் தூளாய் மிஞ்சும். அந்தத் தூளில்தான் விற்றமின் இருக்கிறது. சுழலும் சுத்தியல் தகடுகளால் அடித்து நொறுக்கும் ஹமர் மில்லில் 6 மில்லிமீற்றர் சல்லடை சரியான அளவு. 5 குதிரைவலு மோட்டரில் காய்ந்த சோளன் மணிக்கு 200 கிலோ போகும். ஈரச் சோளன் அதில் பாதிகூடப் போகாது. கண் அடைத்து மாச் சூடாகும்.

வேகம் மெல்லக் குறைந்தால் மோட்டரைச் சந்தேகிக்க முன் சுத்தியலைப் பார்க்க வேண்டும். முனை உருண்டிருந்தால் அது வெட்டாமல் தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுத்தியலுக்கும் நாலு மூலை உண்டு. திருப்பிப் போட்டால் நாலு தடவை ஓடும். ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, எதிரெதிர் சுத்தியலின் நிறை ஒத்திராவிட்டால் அச்சு அதிர்ந்து பெயாரிங் போகும்.

பரல் செய்த விதம்

200 லீற்றர் இரும்புப் பரல், தேங்காய் எண்ணெய் வந்தது. பூச்சிமருந்தோ வேறு இரசாயனமோ வந்த பரலை எவ்வளவு கழுவினாலும் பாவிக்கக்கூடாது. ஒன்றரை அங்குல தடித்த ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாய் அச்சாக. இரண்டு தாங்கிப் பெயாரிங். 1 குதிரைவலு, 1440 சுற்று மோட்டர். 1:30 கியர்ப் பெட்டி. 3 அங்குலக் கப்பி ஒன்று, 6 அங்குலக் கப்பி ஒன்று. 6 மில்லிமீற்றர் தகட்டுத் துண்டுகள், 2 அங்குல எல் இரும்பில் சட்டம்.

முதலில் குழாயைப் பரலின் நடுவால் நேராக ஓட்டிப் பார்த்தது பிழைத்தது. தீன் சுவரோடு ஏறி வழுக்கி விழுந்ததே தவிர, இந்தத் தலையில் கிடந்தது அந்தத் தலைக்குப் போகவில்லை. அதை வெட்டி எடுத்து, மேல் விளிம்பின் ஒரு மூலையிலிருந்து அடி விளிம்பின் எதிர் மூலைக்குக் கோணலாக ஓட்டியதும் பரல் குப்புற விழுந்து விழுந்து எழும்பியது, தீன் இரு பக்கமும் ஓடியது. பரல் 57 சென்ரிமீற்றர் அகலம், 88 உயரம் என்பதால் கோணலாகச் சுற்றும்போது அச்சிலிருந்து 48 சென்ரிமீற்றர் வெளியே வரும். சட்டத்தில் 55 விட்டு, அச்சைத் தரையிலிருந்து 90 சென்ரிமீற்றரில் வைத்தால் கீழே தொட்டி வைக்க இடமிருக்கும். குழாய் நுழையும் இரண்டு இடத்திலும் உள்ளும் புறமும் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். பரல் தகடு மெல்லியது, வெறும் ஒட்டு ஒரு மாதத்தில் கிழியும்.

இரண்டாவது பிழை பெல்ட். மோட்டரைக் கியர்ப் பெட்டியில் நேரே பூட்டி, கியரிலிருந்து பரலுக்குப் பெல்ட் போட்டால் கணக்குச் சரிதான். 1440ஐ 30ஆல் பிரித்து 48, கப்பியில் பாதியாகி 24 சுற்று. ஆனால் பாரம் ஏற்றியதும் பெல்ட் வழுக்கிப் புகைந்தது. வேகம் குறைந்த பக்கத்தில் இழுவிசை மிகப் பெரிது, 3 அங்குலக் கப்பியில் அது பிடிக்காது. பெல்ட்டை மோட்டருக்கும் கியருக்கும் நடுவே மாற்றி, கியரின் வெளி அச்சைப் பரலோடு நேரே பூட்டியதும் அதே 24 சுற்று, வழுக்கலே இல்லை. பரல் இறுகினால் பெல்ட் வழுக்கி மோட்டரைக் காப்பது மேலதிக நன்மை. உள்ளூரில் மாலையில் வோல்ற் இறங்கும்போது மோட்டர் முனகும், காலையில் கலப்பதே நல்லது.

பரலில் தீன் போட்டு எடுக்கும் வாசல் 30க்கு 25 சென்ரிமீற்றர். இதைச் சிறிதாக வெட்டினால் கொட்டவே பத்து நிமிடம் போகும். மூடிக்குச் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டியது தூள் சிந்தாமல் பிடிக்கிறது. மோட்டருக்கு நிலக்கம்பி கட்டாயம். சுற்றும் இடத்தைக் கம்பிவலையால் மறைக்காமல் ஓட்டக்கூடாது.

கலக்கும் ஒழுங்கு, கடுகுச் சோதனை

125 கிராமை 50 கிலோவுக்குள் நேரே கொட்டினால் ஒரு மூலையில் கிடக்கும். விற்றமின் கலவை, மெதியோனின், பிடிப்பான், உப்பு நாலையும் 1 கிலோ தவிட்டில் கையால் கலந்து, அதை இன்னும் 4 கிலோ தவிட்டில் கலந்து, அந்த 5 கிலோவைப் பரலில் விட வேண்டும். பரலுக்குள் அரைவாசிச் சோளன் முதலில், பிறகு சோயா, புண்ணாக்கு, மீன்தூள், டிசிபி, தவிட்டுக் கலவை, மிச்சத் தவிடு, மேலே மீதிச் சோளன். சிப்பி கடைசியில். 50 கிலோவுக்கு பரலில் ஐந்தில் இரண்டு பங்குதான் நிரம்பும். காலியிடம் வீண் என்று 90 கிலோ போட்டால் விழ இடமில்லாமல் ஒன்றாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நேரம் போதும் என்பதைக் கடுகு சொல்லும். 1 கிராம் கடுகில் எத்தனை மணி என்று எண்ணிக்கொண்டு, 20,000 மணிக்குச் சரியான நிறையை ஒரு ஓட்டத்தில் விற்றமினோடு சேர்த்துப் போடவும். நன்றாகக் கலந்தால் 250 கிராம் தீனில் 100 மணி இருக்க வேண்டும். கொட்டும்போது தொடக்கம், நடு, முடிவு என்று பத்து இடத்தில் 250 கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி எண்ணவும். கண் நோகும் வேலை, ஒரு தடவைதான். 3 நிமிட ஓட்டத்தில் 60க்கும் 150க்கும் நடுவே அலைந்தது. 8 நிமிடத்தில் 84 முதல் 118 வரை. இந்த அளவு எண்ணிக்கையில் பத்து இருபது ஏற்ற இறக்கம் இயல்பு, இயந்திரத்தின் குறை ஆகாது. 15 நிமிடம் ஓட்டியும் மேலும் சுருங்கவில்லை. கடுகு உருளும் சாமான், அதனால் இது கொஞ்சம் கடுமையான சோதனை. கடுகு சேர்ந்த தீனைக் கோழிக்கே போடலாம்.

பரலில் சரியாகக் கலந்த தீனையும் ஆட்டோவில் ஏற்றிக் கிரவல் ரோட்டில் கொண்டுபோனால் சிப்பி அடியில் இறங்கிவிடும். எட்டாவது நிமிடத்தில் 250 கிராம் தேங்காய் எண்ணெயைத் தெளித்து இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினால் தூள் ஒட்டிப்பிடிக்கும். எண்ணெயை முதலே விட்டால் விற்றமின் உருண்டை கட்டும்.

கணக்கு

500 கிலோவுக்குப் பத்து ஓட்டம். ஏற்ற இறக்கத்தோடு ஓட்டத்துக்கு 22 நிமிடம், சோளன் 250 கிலோ அரைக்க ஒன்றேகால் மணி, நிறுவைக்கு இன்னும் கொஞ்சம். ஒரு ஆளுக்கு ஆறு மணி நேர வேலை. மின்சாரம் பரலுக்கு ஒன்றேகால் யூனிட், மில்லுக்கு நாலரை. மின்கட்டணத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, கூலியைத்தான் கணக்கில் போட மறக்கக்கூடாது. மாதம் 1680 கிலோ. கிலோவுக்கு 12 ரூபாய் மிஞ்சினால் 20,160 ரூபாய், அதில் மூன்றே கால் நாள் கூலி கழியும். 100 கோழிக்குக் கீழே இந்த வேலை கட்டாது. திறந்த விற்றமின் பையே வெக்கையில் வலுவிழந்துவிடும்.

ஆனால் கிலோ விலையை வைத்து இலாபம் பார்க்கக்கூடாது. ஒரு கணக்கு: தீன் கிலோ 170 ரூபாய், முட்டை 85%. ஒரு முட்டைக்கு 132 கிராம் தீன், 22 ரூபாய் 40 சதம். தவிட்டைக் கூட்டி சோயாவைக் குறைத்துக் கிலோவை 162க்கு இறக்கியதில் முட்டை 80%க்கு விழுந்தது என்று வையுங்கள். இப்போது ஒரு முட்டைக்கு 140 கிராம், 22 ரூபாய் 68 சதம். கிலோவுக்கு எட்டு ரூபாய் மலிவான தீன் முட்டைக்கு 28 சதம் கூடப் பிடித்ததோடு, நாளுக்கு 25 முட்டையும் போய்விட்டது.

கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் கோழி 100 கிராமுக்கே திணறும். அப்போது சோயாவை அரைக் கிலோ கூட்டி அதே அளவு தவிட்டைக் குறைக்கவும். சிப்பித் துண்டு ஒரு கிலோவைப் பின்னேரம் தனியாகத் தூவவும். தீனை விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் போடவும். எக்காலத்திலும் தட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது, அலகால் தள்ளிச் சிந்துவது கண்ணுக்குத் தெரியாத மூடை. கடைத் தீனிலிருந்து மாற்றும்போது ஒரு கிழமை எடுத்துக் கால், அரை, முக்கால் என்று கூட்ட வேண்டும். விற்கத் தொடங்கினால் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டத்துக்குள் வந்துவிடும், முதலில் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரிக்கவும்.

கொப்பியில் நாளுக்கு மூன்றே எண்: போட்ட தீன், எடுத்த முட்டை, உயிரோடுள்ள கோழி. பத்து நாள் தீனைப் பத்து நாள் முட்டையால் பிரிக்கவும். 140 கிராமைத் தாண்டினால் முதலில் தட்டின் கீழே சிந்தியதைக் கூட்டி நிறுக்கவும். அடுத்து மூடை அடுக்கிய பலகையின் அடியில் எலிப் புழுக்கை தேடவும். பிறகு பகல் வெளிச்சத்தோடு சேர்த்து 16 மணி நேரம் காணும்படி விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும். மூன்றிலும் பிழையில்லை என்றால், கடைசியாக இறக்கிய தவிட்டு மூடையைத் திறந்து ஒரு பிடி பொத்திப் பார்க்கவும்.